ஏலாமையும் இயன்மருத்துவமும்

எம்மூராகிய புதுக்குடியிருப்பில், முதுமையாலோ நோயாலோ ஒடுங்கிப்போன ஒருவரைப் பற்றி விசாரித்தால், "அவருக்கு இப்ப ஏலாது" என்று விடை வரும். என்ன ஏலாது? எழும்ப ஏலாதா, நடக்க ஏலாதா, உண்ண ஏலாதா? அதனை எவரும் விரித்துச் சொல்வதில்லை; கேட்டவரும் விரித்துக் கேட்பதில்லை. வேறொரு வினையின் துணையின்றியே அந்த எதிர்மறை தனித்து நின்று பொருள் தருகின்றது. இலக்கணம் படிப்பிப்பவன் என்ற முறையில் இச்சொல்லை யான் நெடுங்காலமாகக் கவனித்து வருகின்றேன். இயலாது என்பதே பேச்சு வழக்கில் ஏலாது ஆயிற்று. இயலுதல் என்பதற்கு முடிதல், கூடுதல் என்னும் பொருள்களை எல்லாரும் அறிவர். நடத்தல் என்றும் அதற்கொரு பழம்பொருள் உண்டு. பழந்தமிழ்ச் செய்யுள்களிலே மகளிரின் நடையைச் சொல்லுமிடங்களில் இச்சொல் பயில்வதை மாணவர் கண்டிருப்பர். நடப்பதும் முடிவதும் எம்முன்னோர்க்கு ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

பிசியோதெரபி என்று மேலைநாட்டிலிருந்து வந்த துறைக்கு நம்மவர் இயன்மருத்துவம் என்று பெயர் வைத்தனர். மூலச்சொல்லின் முற்பாதி கிரேக்க மொழியில் இயற்கையைக் குறிப்பது. அதனைக் கருதியே இயல் என்ற அடியை எடுத்திருத்தல் கூடும். கருதியது எதுவாயினும் பெயர் நன்கு பொருந்திவிட்டது. இயலாதவரை இயலச் செய்யும் மருத்துவம் அது. இயக்கம் என்ற சொல்லையும் ஈண்டு எடுத்தாளலாம். ஆயின் அச்சொல் எம்மண்ணில் ஏறக்குறைய முப்பது ஆண்டுக்காலம் வேறொரு பொருளைத் தாங்கி நின்றது. அதனை உச்சரித்த மாத்திரத்தே கேட்போர் மனம் வேறெங்கோ சென்றுவிடும். ஆதலின் அசைவு, நடை, பயிற்சி என்ற சொற்களோடு அமைகின்றேன்.

இயன்மருத்துவர் என்றால் நம் மக்கள் மனத்தில் எழும் உருவம் யாது? முதுகு பிடித்தால் மின்சாரம் வைப்பவர். முழங்கால் வீங்கினால் ஒத்தடம் கொடுப்பவர். கை முறிந்து கட்டவிழ்த்த பின்னர் விரல்களை மடக்கி நீட்டச் சொல்பவர். நோ எடுபட்டதும் அவரை மறந்துவிடலாம் என்பது பொது எண்ணம். நோவை எடுப்பது அவர் தொழிலில் ஒரு பாதி. மற்றப் பாதியே பெரிது. ஏலாது என்று இருந்துவிட்ட ஒருவரை நடமாடும் வாழ்வுக்கு மீட்டுக் கொண்டுவந்து, அங்கேயே நிலைபெறச் செய்வதே அப்பெரும்பாதி. அதற்கு எம்மிடையே உள்ள பெருந்தடை சோம்பல் என்று பலர் நினைக்கின்றனர். யான் அவ்வாறு நினைக்கவில்லை. பெருந்தடையாய் இருப்பது எமது அன்பு.

எம்மவர் அன்பு இருத்தி வைக்கும் அன்பு. தகப்பனுக்கு ஒரு நோய் வந்துவிட்டால், "அப்பு, நீங்கள் எழும்ப வேண்டாம், நாங்கள் செய்யிறம்" என்பதே பிள்ளைகள் வாயில் வரும் முதற்பேச்சு. தண்ணீர் கைக்கு வரும். சோறு மடிக்கு வரும். வெற்றிலைத் தட்டம் அருகே வரும். வெளிநாட்டிலிருக்கும் மகன் சாய்மனைக் கதிரைக்கும் மெத்தைக்கும் காசு அனுப்புவான். ஊரார் பார்த்து, "பிள்ளைகள் நல்லாய்ப் பார்க்கினம்" என்று மெச்சுவர். எழுந்து நடக்க வைக்கும் பிள்ளையை அவ்வளவாக மெச்சமாட்டார்கள். ஏலாத மனிசனை வருத்துகின்றான் என்று முணுமுணுப்பதும் உண்டு.

எங்கள் ஒழுங்கையில் வாழும் கமக்காரர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வைத்தியசாலையில் உயிரைக் காத்து அனுப்பினர். வீட்டாரோ அவரைக் கண்ணை இமை காப்பதுபோற் காத்தனர். திண்ணையிலே சாய்மனைக் கதிரை; தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை. இரண்டு மாதம் சென்றது. நோய் விட்டுவைத்த இடக்காலும் மெலியத் தொடங்கியது. முன்னர் நாலுமணிக்கு வயலுக்குப் போனவர், நாலுமணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

படுக்கையின் கொடுமையை அளந்து பார்த்த வரலாறு ஒன்றை இவ்விடத்திற் சொல்லுதல் தகும். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் டலஸ் நகரத்திலே, 20 வயதுடைய நல்ல தேகாரோக்கியமுள்ள வாலிபர் ஐவரை மூன்று கிழமை படுக்கையை விட்டு எழவிடாது வைத்து ஆராய்ந்தனர். அவர்களுக்கு நோய் யாதும் இல்லை. உணவு உண்டு, உறக்கம் உண்டு. அசைவு ஒன்றே இல்லை. மூன்று கிழமை முடிந்தபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தி உழைக்கும் ஆற்றல் நாலிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்திருந்தது. இதனினும் வியப்பானது பின்னால் நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதெய்திய அதே ஐவரையும் மீண்டும் அழைத்து அளந்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததிலும், அன்று மூன்று கிழமைப் படுக்கை பறித்தது அதிகமாக இருந்தது. பின்னர் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தும் ஓடியும் பயின்றபோது, முப்பதாண்டில் இழந்த அவ்வாற்றலை அவர்கள் மீளப் பெற்றனர். இருபது வயதுக் காளைகளுக்கே மூன்று கிழமை இத்துணைக் கேடு செய்யுமாயின், எழுபது வயதுக் கமக்காரருக்கு இரண்டு மாதம் என்ன செய்திருக்கும்!

அவர் வீட்டுக்கு ஒருநாள் இயன்மருத்துவர் ஒருவர் வந்தார்; இளைஞர். யானும் சுகம் விசாரிக்கப் போய் அங்கிருந்தேன். அவர் கருவி எதனையும் கொண்டுவரவில்லை. கதிரையருகே குந்தியிருந்து பேச்சுக் கொடுத்தார்.

"அப்பு, முந்திக் காலமை எழும்பினவுடன என்ன செய்யிறனீங்கள்?"

"படலையைத் திறந்து மாட்டை அவிட்டு விடுவன்."

"இப்ப ஆர் படலை திறக்கிறது?"

"பேத்தி."

"இனி நீங்கள்தான் திறக்கவேணும்."

"ஏலாது தம்பி."

"இண்டைக்கு ஏலாதுதான். மாட்டையும் இப்போதைக்கு விடுவம். படலை மட்டும்."

முதலில் அந்தச் சாய்மனைக் கதிரையை அகற்றச் சொன்னார். சாய்ந்து அமிழ்ந்து கிடக்கும் துணிக்கதிரையிலிருந்து கால் வலுவிழந்த ஒருவர் எழும்பவே முடியாது. நேரான மரக்கதிரை, சற்று உயரமானது, வேண்டும் என்றார். அதில் இருந்து எழுவதும் மீண்டும் இருப்பதுமே முதற்பாடம். ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்கு. இரண்டாம் பாடம் திண்ணைத் தூண்வரை. தண்ணீர்ச் செம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கக் கூடாது, தூணடியில் வைக்கவேண்டும் என்று பேத்திக்குக் கட்டளையிட்டார். அந்தப் பிள்ளையின் முகம் வாடியது. தாத்தாவைத் தண்ணீருக்கு நடக்கவிடுவது அவளுக்குப் பாவமாகத் தோன்றிற்று. அவளுக்குத்தான் அந்த இளைஞர் நெடுநேரம் விளங்கப்படுத்தினார். கிழவருக்கு அவ்வளவு சொல்லவில்லை.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறப்படுகின்றன. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனை இயற்றுபவன் என்பன அவை. அந்நான்காமவனை வகுப்பிற் படிப்பிக்கும்போது, மருந்தை வேளைதோறும் எடுத்துக் கொடுப்பவன் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அன்று அந்தத் திண்ணையிலே எனக்கு வேறொன்று புலப்பட்டது. மருந்து நடையாக இருக்குமிடத்து, அதனை எவரும் எடுத்துக் கொடுக்க இயலாது. நோயாளி தானே எடுத்தாக வேண்டும். நான்காமவன் செய்யக்கூடியது செம்பைத் தூரத்தில் வைப்பதுதான்.

கமக்காரர் படலைக்குப் போய்ச் சேர ஏழு கிழமை ஆயிற்று. கோலூன்றிப் பிள்ளையார் கோயிலுக்கு வரப் பின்னரும் பல மாதம் சென்றது. வலக்கை முற்றாகத் திரும்பவில்லை. சாரத்தைக் கட்ட இன்றும் மகன் உதவவேண்டும். ஆயினும் அவரைப் பற்றி ஏலாது என்று இப்பொழுது எவரும் சொல்வதில்லை.

நோயுற்றவர் கதை இவ்வாறாக, நோயற்றவர் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போர் கதை வேறு. வன்னி மக்கள் உழைப்பாளிகள், அவர்களுக்குத் தேகப்பியாசம் எதற்கு என்று கேட்போர் உளர். ஒரு காலத்தில் அக்கேள்வி நியாயமானது. 1990களிலே எரிபொருட்டடை இருந்த நாட்களில் எமது பகுதியே மிதிவண்டியின்மேல் ஏறியிருந்தது. ஆசிரியர் மிதித்து வந்தார். மாப்பிள்ளை மிதித்து வந்தார். நெல் மூடையும் விறகும் நோயாளியும் மிதிவண்டியிலேயே வந்தனர். அது தெரிந்து செய்த பயிற்சி அன்று. விதி செய்வித்த பயிற்சி. அந்நாட்கள் திரும்பவேண்டும் என்று யான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. இன்று படலை தோறும் மோட்டார்ச் சைக்கிள் நிற்கின்றது. அரிவு வெட்டவும் சூடடிக்கவும் ஒரே யந்திரம் வயலுக்குள் இறங்கி, பத்துப் பேர் பல நாட் செய்ததை ஒரு பொழுதில் முடித்துவிடுகின்றது. நன்று. ஆனால் நெல் உண்ணும் உடல் அந்தப் பழைய உடலே. உழைப்பு யந்திரத்துக்குப் போனது. சோற்றுத் தட்டு சிறுக்கவில்லை. நம் நாட்டில் இறப்போர் பத்துப் பேரில் எண்மர்வரை தொற்றா நோய்களால் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இருதய நோயும் நீரிழிவும் இவற்றுள் அடங்கும். எமது கோயில் வீதியில் நின்று காதுகொடுத்தால், முன்னர் மழையையும் விளைச்சலையும் பேசியவர்கள் இப்போது சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேசுவது கேட்கும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே உணவின் அளவைப் பற்றியே மிகுதியும் பேசினார். உடற்பயிற்சி பற்றி அங்கே ஒன்றும் இல்லையே என்று மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. உழவுக்கு ஓர் அதிகாரமும் மடியின்மைக்கு ஓர் அதிகாரமும் செய்தவர், நடந்து பழகுக என்று தனியே சொல்ல அக்காலத்தில் தேவை இருந்ததாகத் தெரியவில்லை. அன்று வயலுக்கும் சந்தைக்கும் நடந்தே போயினர்.

உட்கார்ந்து செய்யும் தொழிலின் கேட்டை முதன்முதலில் ஐயந்திரிபறக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரி மொறிஸ் என்னும் ஆங்கில வைத்தியர். அவர் ஆராய்ச்சி செய்த இடம் லண்டன் மாநகரத்தின் பஸ் வண்டி. அக்காலத்தில் இரட்டைத் தட்டு பஸ்ஸிலே இருவர் தொழில் செய்தனர். சாரதி நாள் முழுவதும் இருக்கையை விட்டு எழார். கொண்டக்டரோ சீட்டுக் கொடுப்பதற்காக மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே வண்டி, ஒரே வீதி, ஒரே வகைக் குடும்பம். 1953ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி, ஏறி இறங்குவோரிலும் பார்க்க இருந்தபடி ஓட்டுவோருக்கு மாரடைப்பு அதிகம் என்றும், வந்தால் உயிர்போவதும் அதிகம் என்றும் காட்டிற்று. மொறிஸ் 99 வயதுவரை வாழ்ந்து 2009ஆம் ஆண்டில் மறைந்தார்.

எவ்வளவு அசைந்தாற் போதும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அளவு கூறியது. வளர்ந்தோர் கிழமையில் 150 முதல் 300 நிமிடம்வரை நடுத்தர வேகத்தில் உடலை இயக்கவேண்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி கிழமைக்கு இருநாளேனும் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் நிலைதளராமல் நிற்பதற்கான பயிற்சியைக் கிழமையில் மூன்று நாளேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விழுந்து இடுப்பு முறியாதிருப்பதற்கு இது காப்பு. நடுத்தர வேகம் என்பதை அறிய மணிக்கூடோ கருவியோ வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். பாட முடியக் கூடாது. எம்மூர் முறையிற் சொல்வதானால், ஊர்ப்புதினம் பேசலாம், தேவாரம் பாட ஏலாது. அந்த வேகமே அது. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் என ஐந்து நாள் நடந்தால் கீழெல்லை நிறைந்துவிடும். இதனைச் செய்யாதவர்கள் உலகத்து வளர்ந்தோருள் 31 சதவீதம் என 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு கூறுகின்றது.

இந்த அளவுகளை யார் யாருக்குச் சொல்வது? இங்கேதான் இயன்மருத்துவரின் அருமை விளங்குகின்றது. வைத்தியரிடம் நோயாளி இருக்கும் நேரம் சில நிமிடம். இயன்மருத்துவரோடு இருக்கும் நேரம் அதனினும் நெடிது. பல நாள் திரும்பத் திரும்பச் சந்திப்பவரும் அவரே. முழங்கால் நோவென்று வந்த தாய்க்கு அவர் முழங்காலை மட்டும் பார்த்து அனுப்பிவிடலாம். அல்லது, "அம்மா, கிழமையில் எத்தனை நாள் நடக்கிறனீங்கள், எவ்வளவு நேரம்?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். நாடி பார்ப்பதுபோல் இக்கேள்வியையும் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும் என்பது இத்துறை அறிஞர் பலரின் துணிபு. முழங்கால் தேய்ந்தவர் நடக்கக் கூடாது என்பது எம்மவர் நம்பிக்கை. உண்மை அதற்கு மாறானது. தொடைத்தசைக்கு வலுவூட்டும் பயிற்சியே முழங்கால் தேய்வுக்கு முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று. டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்திலே, இத்தகையோரை ஆறு கிழமையில் பன்னிரண்டு முறை அழைத்து இயன்மருத்துவர் மேற்பார்வையிற் பயிற்றுகின்றனர். நோயைப் பற்றி அவர்களுக்கு வகுப்பும் நடத்துகின்றனர். அம்முறை இன்று வேறு பல நாடுகளிலும் பரவியுள்ளது. நோவுக்கு வகுப்பு! ஆசிரியத் தொழில் செய்யும் எமக்கு இது மகிழ்ச்சி தருவதன்றோ.

வகுப்பென்றால் மொழி வேண்டும். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் படிப்பித்தார். இரணவைத்தியம் முதலான நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச்சொல் தேடி அவரும் அவர் மாணாக்கரும் பட்ட பாடு பெரிது. அவர்கள் வழியில் வந்த நாம் இன்று என்ன செய்கின்றோம்? அண்மையில் என் கைக்கு வந்த ஒரு பயிற்சித் துண்டுப்பிரசுரத்தில், நாற்றலைத் தசையைச் சுருக்கிப் பத்து விநாடி பேணுக என்று இருந்தது. தூய தமிழ்தான், பண்டிதனாகிய எனக்கே இரண்டாம் வாசிப்பிற்றான் விளங்கிற்று. முழங்காலின் கீழ் ஒரு துவாயை உருட்டி வைத்து, அதனை அமத்திப் பிடித்துக்கொண்டு பத்துவரை எண்ணுங்கள் என்று எழுதியிருந்தால் எழுத்தறியாக் கிழவியும் கேட்டுச் செய்வாள். கலைச்சொல் வேண்டும், அது மாணாக்கர்க்கு வேண்டும். நோயாளிக்கு வேண்டுவது படலையும் செம்பும் துவாயும்.

எமது மண்ணிலே இவையெல்லாவற்றினும் கனத்த ஒரு சுமை உண்டு. 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் அதற்குக் கிழக்கே முள்ளிவாய்க்கால் வரையிலும் நடந்தவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை. எமது வைத்தியசாலைமீதே எறிகணைகள் வீழ்ந்தன. அந்நாட்களிற் காலிழந்தவர்களும் முள்ளந்தண்டில் உலோகத்துண்டு தைத்தவர்களும் இன்று நடுவயதினர். அவர்களைக் காணும்போதெல்லாம் எம்மவர் பரிவு பெருகுகின்றது. அப்பரிவும் பெரும்பாலும் இருத்தி வைக்கும் பரிவே.

முள்ளந்தண்டு முறிந்தவர் படுக்கையிலேயே புண்பட்டும் சிறுநீர் வழியில் கிருமி தொற்றியும் சில காலத்தில் இறந்துவிடுவர் என்பது ஒரு காலத்தில் வைத்திய உலகத்தாரே ஒப்பிய முடிபு. அதனை மாற்றியவருள் தலையாயவர் லுட்விக் குட்மன். ஜேர்மனியிலிருந்து 1939ஆம் ஆண்டு அகதியாக இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் அவர். 1944இல் ஸ்டோக் மண்டவில் என்னும் ஊரில், போரில் முள்ளந்தண்டு முறிந்தோருக்கான சிகிச்சைப் பிரிவைப் பொறுப்பேற்றார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை நோயாளியைப் புரட்டிக் கிடத்தவேண்டும் என்பது அவர் விதி. புண் ஆறியதும் அடுத்த விதி, விளையாட வேண்டும் என்பது. 1948ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி லண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேரைக்கொண்டு தம் வைத்தியசாலை முற்றத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் உரோமாபுரியிலே 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்து கூடினர். இன்று பராலிம்பிக் என்று வழங்கும் விழா அவ்வாறு பிறந்தது. அகதி ஒருவரின் பிடிவாதம் என்பதை எம்மவர் மறவாது படிக்கவேண்டும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆந் திகதி தோக்கியோ பராலிம்பிக் விழாவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தைக் கொணர்ந்தார். அவர் வன்னிப் போர்முனையிற் கையிற் காயமுற்ற படைவீரர். அப்போர்முனையின் மறுபக்கத்து ஊரில் வாழ்பவன் யான். செய்தியைப் படித்தபோது என் நெஞ்சிற் பகையும் எழவில்லை, பெருமிதமும் எழவில்லை. அவரைப்போலவே கையில் ஊனமுற்ற எம்பிள்ளைகளுள் எத்தனை பேர் ஒருமுறையேனும் ஓர் ஈட்டியைத் தொட்டுப் பார்த்திருப்பர் என்ற கேள்வி ஒன்றே எழுந்தது.

காலிழந்தோருக்கு இந்தியாவிலிருந்து வந்த நற்கொடை ஜெய்ப்பூர்க் கால். 1968ஆம் ஆண்டளவில் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேதியும் கூடி அதனை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைக்கால் சப்பாத்துக்குள் அடங்குவது. அதனோடு சேற்றில் இறங்க முடியாது, சம்மாணம் கோலி இருக்க முடியாது, கோயிலுக்குள் புக முடியாது. இறப்பரால் ஆன ஜெய்ப்பூர்ப் பாதம் வெறுங்காலாகவே நிற்கும், குந்தியிருக்க வளையும். சேதி 1981இல் மக்சேசே விருது பெற்றார். யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் நிலையம் என்றே ஒரு நிலையம் 1980களிலிருந்து இப்பணி செய்கின்றது. ஆயினும் கால் கொடுப்பது வேறு, நடை கொடுப்பது வேறு. தண்டின் தசையை வலுப்படுத்தி, இரு பக்கமும் பாரத்தைச் சமமாக ஏற்றி, மணலிலும் வரம்பிலும் நடக்கப் பழக்கினாலன்றிச் செயற்கைக்கால் வீட்டு மூலையிலே சாத்திக் கிடக்கும். அவ்வாறு சாத்திக் கிடப்பவற்றை யான் கண்டிருக்கின்றேன். மாங்குளத்திலே முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி உயிரிழை என்னும் அமைப்பை நடத்துகின்றனர். இருத்தி வைத்த பரிவுக்கு அவர்கள் அளித்த விடையாக அதனைக் கொள்ளலாம்.

பாடசாலையைப் பற்றியும் ஒரு சொல். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் நாள்தோறும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பது அளவு. நம் பிள்ளைகள் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் ஓடுகின்றனர். பந்தல் கழற்றியதும் ரியூசன் கொட்டிலுக்குத் திரும்பிவிடுகின்றனர். கிளித்தட்டு மறிக்க ஒரு சுண்ணாம்புக் கோடு போதும், செலவில்லை. கோவலன் கூத்துப் பழகிய அண்ணாவிமார் வட்டக்களரியிலே விடியுமட்டும் ஆடினார்களே, அந்த ஆட்டத்தை மேடைக்கும் பரிசுக்கும் மட்டும் ஒதுக்காமல் மாலைதோறும் பழக்கினால் தமிழும் வளரும், காலும் உரம்பெறும்.

நடை என்றவுடன் எம்மக்களுக்கு வைகாசிப் பொங்கல் நினைவில் வரும். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு நாற்புறத்திலுமிருந்து நடந்து வருவர். கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார் கூட்டமும் எமது மாவட்டத்தின் ஊடாகவே தெற்கு நோக்கிப் போகும். நடையை வழிபாடாகக் கொண்ட இம்மக்களுக்கு நடையை மருந்தாகக் காட்டுவது அரிதன்று. நீரிழிவுள்ளவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும் ஆதலால், நண்பகல் மணலிலே வெறுங்காலோடு வீதிவலம் வருவது கொப்புளத்தில் தொடங்கிக் காலை எடுப்பதில் முடியலாம். விடியற்காலையில் வலம் வருக. வீடு சேர்ந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்க்குக.

அதே மணல் வீதியிற் சக்கர நாற்காலி புதைந்துவிடுகின்றது. அதில் வருபவர் தேர்முட்டியோடு நின்று கும்பிட்டுத் திரும்புகின்றார். கோயிலுக்கு மட்டும் உரிய குறை அன்று இது. கடை, கந்தோர், வாசிகசாலை, பாடசாலை எல்லாவற்றுக்கும் படியே வாயில். பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் இந்நாட்டில் 2006ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்வு என்பது பொதுவான கணக்கு. அதனிலும் செங்குத்தானால் கைகளால் உருட்டி ஏறுவது கடினம்.

எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு மூன்று படிகள். அளந்து பார்த்தேன், மூன்றும் சேர்ந்து ஒன்றரை அடி. பதினெட்டடிச் சாய்தளம் வேண்டும். வேப்பமரத்தை வெட்டாமல் அதன் பக்கமாக வளைத்துக் கட்டலாம் என்கின்றார் மேசன். சீமெந்து, கல், மணல், கூலி என்று ஒரு தாளிற் கணக்கெழுதித் தந்திருக்கின்றார். பழைய மாணவர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம். அத்தாளை அங்கே வாசிப்பதாக இருக்கின்றேன்.